பேஜர் கத்தினால் சோறு ஆறிப்போகும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பென்சில்வேனியாவில் எங்கள் சிற்றூர்த் தீயணைப்பு நிலையத்தில் என் மகள் 15 வயதில் தன்னார்வலராகச் சேர்ந்தாள், தடுக்கப் போன நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன் என்று. மெனக்கெட்டு எழுதிய மற்ற பக்கங்களை எல்லாரும் விட்டுவிட்டார்கள். கடிதம் அத்தனையும் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த முறை பதில் மட்டும். என்னைப் பற்றி இரண்டு வார்த்தை: பிறந்தது சாத்தூர், பிழைப்பு கம்ப்யூட்டரில். தீயைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது தீப்பெட்டியோடு சரி.

"உலகத்துப் பணக்கார நாடு என்கிறார்கள். தீயணைக்கக் கூடவா சம்பளத்துக்கு ஆள் வைக்க மாட்டார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிடுவது என்ன நியாயம்?"
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

நானும் இதைத்தான் கேட்டேன் சார். நியூயார்க், சிகாகோ மாதிரி பெரிய ஊர்களில் சம்பளக்காரர்கள்தான். ஆனால் நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மாடு வைத்திருப்பவர், பல் டாக்டர், என்னைப் போல கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 'யூனியன் ஃபயர் கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார். சேர்ந்தவர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், எரியும் வீட்டுச் சாமான்களை வாரிப்போடப் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 'கம்பெனி' என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்களுடையதும் கம்பெனிதான். லாபம் பார்ப்பது கோழியில் மட்டும். கோடையில் கோழி சுட்டு விற்போம், குளிர்காலத்தில் பிங்கோ நடத்துவோம். ஊர்க் கொடைக்கு வரி பிரிப்பது போலத்தான், ரசீது மட்டும் பளபளப்பான தாளில் இருக்கும். தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் தலைநகரம் உட்பட எல்லாத் தீயணைப்பு வீரர்களும் தன்னார்வலர்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகு நான் வாயைத் திறப்பதில்லை.

நடைமுறை எப்படி என்றால், யாராவது 911 என்ற அவசர எண்ணை அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எங்கள் நிலையத்துக்கான ஒலியைத் தட்டிவிடும். சமையல் மேடையில் இருக்கும் பேஜர், அதாவது அந்த ஒலியைப் பிடிக்கும் கையடக்கக் கருவி, கத்தும். சாப்பாட்டில் இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிடும் காரணமும் இதில்தான் இருக்கிறது. தன்னார்வலர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. எங்கள் நிலையத்தில் முடி நரைக்காதவர்களை எண்ணக் கைவிரல் போதும். இப்போதே கற்றுக்கொடுக்காவிட்டால் பத்து வருடம் கழித்து பேஜர் கத்தும், வண்டியெடுக்க ஆள் இருக்காது.

"என் 15 வயது மகன் தீயணைப்பு நிலையத்தில் ஜூனியராகச் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். எரிகிற வீட்டுக்குள் அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கமே இல்லை."
– ஒரு அம்மா, ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

தூங்குங்கள் அம்மா. சட்டம் விடாது. நம் மாநிலத்தின் சிறுவர் தொழில் சட்டத்திலேயே இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. 14, 15 வயதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வரலாம், முதலுதவி செய்யலாம். தீ கட்டுக்குள் வந்துவிட்டது என்று அதிகாரி சொன்ன பிறகு கட்டடத்துக்கு வெளியே சுத்தம் செய்யலாம். அப்புறம், காபி வண்டியில் நிற்கலாம். ஆமாம், காபி வண்டி என்றே சட்டத்தில் இருக்கிறது. 16, 17 ஆனால் கயிறு கொஞ்சம் நீளும். அப்போதும் தீயணைப்பு வண்டியையோ ஆம்புலன்ஸையோ ஓட்டக் கூடாது, ஏணி வண்டியை இயக்கக் கூடாது, எரிகிற வீட்டுக்குள் தீயோடு மல்லுக்கட்டக் கூடாது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்கவும் மாட்டார்கள்.

என் மகளின் முதல் தீ ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை மத்தியானம். மாட்டுக் கொட்டகை, உள்ளே முழுக்க வைக்கோல். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மூன்று மணி நேரம் அவள் செய்தது காபி ஊற்றிக் கொடுத்தது. வீட்டில் தான் குடித்த டம்ளரைக் கூடக் கழுவாதவள், அங்கே யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று மனப்பாடமாகச் சொல்கிறாள். முகமூடியைக் கழற்றிவிட்டு வருகிறவர் கையுறையைக் கழற்ற முடியாமல் விரல் விறைத்து நிற்பார். இவள் கோப்பையை அவர் உதட்டுக்கே கொண்டுபோவாள். நான் சும்மா நிற்பதைப் பார்த்த ஒருவர் என் கையில் உப்பு வாளியைத் திணித்தார். சிந்திய தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாகிவிட்டிருந்தது. வழுக்காமல் இருக்க உப்பைத் தூவச் சொன்னார். தூவினேன். சாயங்காலம் ஹோஸை, அதாவது தண்ணீர்க் குழாயை, சுருட்டப் போனால் சுருளவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து, 50 அடி ஹோஸ் ஒவ்வொன்றும் மூங்கில் கழி மாதிரி நிற்கிறது. அப்படியே தூக்கி லாரியில் அடுக்கி, நிலையத்தில் ஹீட்டர் முன்னால் போட்டு உருக்கினோம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள், "காபி போடவா பாப்பா அவ்வளவு தூரம் போனே?" மகள் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியிருந்தாள்.

அடுத்த மாதம் நான் 'ஃபயர் போலீஸ்' ஆனேன். துப்பாக்கி, லத்தி எதுவும் கிடையாது. மினுமினுக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு, விபத்து நடந்த சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடும் வேலை.

பயப்பட வேண்டியது எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போவது தீ இல்லை, மாரடைப்பு. அது என் வயதுக்காரர்களின் கவலை. பிள்ளைகளுக்கு வேறு இரண்டு. முதலாவது, பேஜர் கத்தியதும் காரை விரட்டுவது. இங்கே தன்னார்வலர்கள் சொந்தக் காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து மற்றவர்கள் மரியாதைக்கு வழிவிடலாமே தவிர, சிவப்பு சிக்னலைத் தாண்ட அது லைசென்ஸ் இல்லை. மகன் லைசென்ஸ் எடுக்கும் அன்றைக்கே இதைப் பேசிவிடுங்கள். இரண்டாவது, புகைக் கரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கரி படிந்த கோட்டைப் பெருமையாக மாட்டித் திரிந்த காலம் போய்விட்டது. அந்தக் கோட்டோடு என் காரில் ஏறக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போட்டது என் மனைவி.

"தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், 60 கிலோ தூக்குவேன். நான் தீயணைப்புப் பயிற்சியில் தேறுவேனா?"
– பிளஸ் டூ மாணவன், கோவில்பட்டி

ஓடுவது நல்லதுதான் தம்பி. ஆனால் தீப்பிடித்த இடத்தில் ஓடினால் முதல் திட்டு விழும். அங்கே யாரும் ஓட மாட்டார்கள், வேகமாக நடப்பார்கள்.

கோட்டு, கால்சட்டை, பூட்ஸ், ஹெல்மெட், முதுகில் காற்றுச் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். 30 நிமிடம் என்று எழுதியிருக்கும் சிலிண்டர், மூச்சிரைக்க வேலை செய்கிறவருக்கு 20 நிமிடம் வந்தாலே பெரிது. அதனால் அவர்கள் சோதிப்பது உன் புஜத்தை இல்லை, உன் மூச்சை. என் மகளுக்கு முகமூடியின் கண்ணாடியை மெழுகுத்தாளால் மறைத்துவிட்டு, ஓர் அறைக்குள் தவழவிட்டார்கள். இடது கை சுவரை விட்டு எடுபடக் கூடாது. வலது கையால் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் துழாவ வேண்டும். பயந்த குழந்தைகள் அங்கேதான் ஒளியும். உள்ளே ஒரு பொம்மையை வைத்திருந்தார்கள். முதல் முறை அதன் மேலேயே ஏறிப் போய்விட்டாள். இரண்டாவது முறை யோசித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சிலிண்டர் பட்டையில் ஒரு கருவி இருக்கும். சுமார் 30 நொடி அசையாமல் இருந்தால், ஆள் மயங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு அது காது கிழியக் கத்தும். அது கத்தியது. "நான் யோசிச்சா கூட இங்க சத்தம் போடுது அப்பா" என்றாள்.

இங்கே அடிப்படைப் பயிற்சிக்கு நான்கு பகுதிகள். அறிமுகம், களத்து உதவி வேலைகள், வெளியே நின்று தீயணைப்பது, கடைசியாக உள்ளே போவது. அந்தக் கடைசிப் பகுதிக்கு என் மகள் 18 ஆகும்வரை காத்திருந்தாள். காத்திருந்த காலத்தில் வண்டியில் எந்தப் பெட்டியில் எந்தச் சாமான் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப் பழகினாள். "அந்தச் சாவியை எடு" என்றால் அவள் மூன்றாவது பெட்டியைத் திறந்திருப்பாள், நான் இன்னும் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

"16 வயதுப் பெண் ஒருத்தி, நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தருவது சட்டப்படி சரியா? நான் மூன்று வருடம் படித்தும் வார்டில் கை நடுங்குகிறது."
– நர்சிங் மாணவி, ஈரோடு

சரிதான், ஆனால் அளவோடு. எங்கள் நிலையம் தீக்கு மட்டுமில்லை, மருத்துவ அழைப்புக்கும் போகும். இங்கே கீழிருந்து மேலாகப் படிகள் இருக்கின்றன. முதல் படி எமர்ஜென்சி மெடிக்கல் ரெஸ்பாண்டர், ஏறக்குறைய 50, 60 மணி நேரப் படிப்பு. ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுப் பாதையைத் திறப்பது, நெஞ்சை அழுத்துவது, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் தானியங்கிக் கருவியை மாட்டுவது. அடுத்த படி இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்), 150 மணி நேரத்துக்கு மேல். ஆக்சிஜன், நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரின், ஒவ்வாமைக்குத் தொடையில் குத்தும் எபிநெஃப்ரின் பேனா, சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ் களிம்பு இவையெல்லாம் அதில் வரும். நரம்பில் ஊசி ஏற்றுவது அதற்கும் மேலே, பாராமெடிக் போன்ற மேற்படிக்காரர்களின் வேலை. பென்சில்வேனியாவில் முதல் இரண்டு படிகளுக்கும் 16 வயது ஆனால் போதும். கனெக்டிகட் மாநிலத்தில் டேரியன் என்றொரு ஊர். அங்கே 1970 வாக்கிலிருந்து, பெரியவர்கள் மேற்பார்வையில், ஊரின் ஆம்புலன்ஸ் சேவையையே பள்ளி மாணவர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

இ.எம்.டி. படிப்பை நானும் மகளும் ஒரே வகுப்பில் படித்தோம். செய்முறைத் தேர்வில் அவள் தேறினாள், நான் தோற்றேன். உள்ளே போனதும் 'கையுறை போட்டுவிட்டேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் நேரே நோயாளியிடம் பாய்ந்துவிட்டேன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பலனில்லை. திரும்பி வரும்போது காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வலித்தது. இரண்டாவது முறை, கதவைத் திறக்கும் முன்பே கத்திச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கை நடுக்கத்துக்கு வருகிறேன். மகளின் முதல் நோயாளி, குளியலறையில் விழுந்த ஒரு பெரியவர். உடன் இருந்த பாராமெடிக் பெண்மணி இவளுக்குக் கொடுத்தது ஒரே வேலை: நாடி பார். இவள் ஈரத் தரையில் மண்டியிட்டு, தன் முகம் அவர் முகத்துக்கு நேராக வரும்படி உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்தாள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லாமல், "தப்பிவிட்டது, மறுபடி எண்ணுகிறேன்" என்றாள். அந்தப் பெரியவர், "அவசரமில்லை, நான் எங்கேயும் போகப் போவதில்லை" என்றாராம். இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் சொல்வோம். எண்ணும்போது அவள் கண்ணில் பட்டது வாஷ்பேசின் மேலிருந்த மாத்திரைப் பெட்டி. திங்கள் முதல் வியாழன் வரை அறைகள் திறக்கப்படவே இல்லை. நான்கு நாளாக மாத்திரை போடாதவர் என்று மருத்துவமனைக்குத் தகவல் போனது அவள் கண்ணால்தான். நடுக்கம் அன்றைக்கு அவளுக்கும் இருந்தது. கையுறைக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

"சின்ன வயதில் சாவைப் பார்த்தால் மனம் என்ன ஆகும்? இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே."
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, நாமக்கல்

அவளுக்கு 17 வயதில் ஒரு சாலை விபத்து. என்ன பார்த்தாள் என்பதை எழுத மாட்டேன். நோயாளியைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்பது அவள் கையெழுத்திட்ட உறுதி, எனக்கும் அது பொருந்தும். வீட்டுக்கு வந்தவள் இரவு ஒரு மணிக்கு பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சுத்தமான பூட்ஸை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அது தப்பு. என் பதற்றத்தை அவள் தலையில் இறக்கிவைக்கப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என் மனைவி ஒன்றும் கேட்காமல் இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மற்ற பூட்ஸைத் தேய்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் நிலையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மூன்றாம் நாள் மறுபடியும். அந்த வாரமே போனவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, யார் எதைச் செய்தோம் என்று வரிசையாகப் பேசவைத்தார்கள். கவுன்சலர் ஒருவரும் வந்தார். இரண்டு மாதம் அவள் மருத்துவ அழைப்புக்குப் போகவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. இப்படிக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் இல்லாத நிலையம் என்றால் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். இதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

"அமெரிக்கக் கதை இருக்கட்டும். நம்மூரில் 17 வயதுப் பையன் என்ன செய்ய முடியும்?"
– வாசகர், சாத்தூர்

ஊர்க்காரரே, வணக்கம். நம்மூரில் தீயணைப்பு மீட்புப் பணித்துறை முழுக்க அரசு வேலை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி, 18 வயதுக்கு மேல்தான் உள்ளே போக முடியும். 17 வயதுக்குப் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், என்.சி.சி. இருக்கின்றன. 18 ஆனதும் மத்திய அரசின் 'ஆப்தா மித்ரா' திட்டத்தில் பேரிடர்ப் பயிற்சி எடுத்தவர்கள் உண்டு, மாவட்ட நிர்வாகத்தில் விசாரியுங்கள். ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944இல் அதே தேதியில் மும்பைத் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது அது. அந்த வாரம் நிலையங்களில் செய்முறை காட்டுவார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், எண்ணெய்த் தீயில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கேட்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துப் பையன்களுக்குத் தைரியத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 உங்களுக்கு நினைவிருக்கும். சிவகாசி பக்கத்து முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீ. இறந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து, உதவி செய்யவும் என்ன ஆச்சு என்று பார்க்கவும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்தவர்கள். அப்புறம் வெடித்தது அவர்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கே வகுப்பில் 'இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று முதலில் பார்' என்று சொல்லித்தந்தபோது மற்றவர்கள் நோட்டில் எழுதினார்கள். எனக்கு முதலிப்பட்டிதான் ஞாபகம் வந்தது. தேர்வில் நான் அதையே சொல்ல மறந்தேன் என்பதையும் மேலே படித்திருப்பீர்கள்.

இன்னொன்று. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. நல்லெண்ணத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 134ஏ பிரிவு வந்துவிட்டது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தத் தெரிந்தால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும்.

"கல்லூரி அட்மிஷனுக்கு இது உதவுமா?"
– தகப்பனார், சென்னை

உதவலாம். அதற்காகச் சேர்ந்த இரண்டு பையன்களை எனக்குத் தெரியும். கழிவறை கழுவும் முறை வந்த அன்றைக்கு நின்றுவிட்டார்கள்.

"சம்பளம்?"
– பல பேர்

ஒரு டி-ஷர்ட். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் பிறகு பீட்சா.

"மகள் இப்போது என்ன செய்கிறாள்? நீங்கள் இன்னும் போகிறீர்களா?"
– இல்லத்தரசி, கும்பகோணம்

வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறாள், அங்கேயும் ஒரு நிலையத்தைப் பிடித்துவிட்டாள். நான் போகிறேன். வருகிற ஞாயிறு எங்கள் கம்பெனியின் சிக்கன் பார்பிக்யூ. நான் சுத்த சைவம். அதனால் டிக்கெட் கிழிக்கும் மேஜையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.